விருந்துக் கிண்ணத்தில் ஒரு பொத்தான்

படுக்கையறையில் தகர டப்பா ஒன்று கவிழ்ந்தது. பொத்தான்கள் தரையெங்கும் சிதறி உருளும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி கையை அப்படியே நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. இந்த வீட்டில் ஒரு டப்பாவையாவது ஒழுங்காக மூடி வைக்கிற பழக்கம் உண்டா என்று கணவரின் குரல் கேட்டது.

கவிழ்த்தவர் அவர்தான். ஆனால் மூடியை இறுக்கி மூடாதவள் அவள். ஆகவே குற்றம் அவளுடையது.

அந்த வீட்டில் வழக்கு எப்போதும் இப்படித்தான் தீரும். அவர் கையிலிருந்து டம்ளர் விழுந்து உடைந்தால், அதை ஈரத்தோடு கொடுத்தவள் மனைவி. மழையில் நனைந்து வந்தால், குடையை ஞாபகப்படுத்தாதவள் மகள். நாற்காலியில் இடித்துக்கொண்டால்கூட, நாற்காலியை அங்கே போட்டவர் யார் என்று விசாரிப்பார். விசாரணை முடிகிற வரை காலைத் தேய்க்கக்கூட மாட்டார்.

குடியிருப்பில் அவருக்குப் புகார்க்காரர் என்று பெயர். அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வருத்தப்படவில்லை; பட்டம் கொடுத்த மாதிரி வைத்துக்கொண்டார்.

அவருடைய உத்தியோகமே புகார்தான். வீட்டுச் சாதனங்கள் விற்கும் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் சென்டரில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, புகாரோடு வருகிறவர்களை வந்த வழியே திருப்பி அனுப்பும் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று ஒரு பெண் வந்து நின்றால், அழுக்குத் துணியைப் போட்டிருப்பீர்கள் என்று சொல்லக்கூடியவர். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று வந்தவரிடம், அடிக்கடி திறந்து பார்த்தால் எப்படிக் குளிரும் என்று கேட்டவர். கண்ணீரோடு வந்தவர்களும் உண்டு. கண்ணீர் கண்ணாடித் தடுப்பைத் தாண்டாது.

இத்தனை வருடம் அப்படி உட்கார்ந்ததில் அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டார். எந்த வார்த்தையைச் சொன்னால் கம்பெனிக்காரன் நடுங்குவான், எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், எப்போது பக்கத்தில் நிற்பவர்களையும் சாட்சிக்கு இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படியாகிவிட்டது. அந்த வித்தையைக் கொண்டுபோய் ஊர் முழுக்கக் கடைவிரித்தார். காலில் இருக்கும் செருப்பு, தையல் பிரிந்தது என்று கடைக்காரனை அழவைத்து வாங்கிய மாற்றுச் செருப்பு. மேசைமேல் இருக்கும் கடிகாரம், முள் தாமதமாக ஓடியது என்று கத்தி வாங்கியது. முடிவெட்டப் போனால்கூட, கண்ணாடி கோணலாக மாட்டியிருக்கிறது என்று சொல்லி ஓசியில் முகச்சவரமும் செய்துகொண்டு வருவார். ஒரு மனிதனின் மானம் எத்தனை மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது கேட்டால், இவருடைய வீட்டுச் சாமான்களைக் காட்டினால் போதும்.

அன்றைக்குப் போகவிருந்த விருந்தும் அப்படி விளைந்ததுதான்.

சில மாதங்களுக்கு முன் அலுவலக நண்பர் ஒருவர் அவரைப் பெரிய ஹோட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போயிருந்தார். உலகத்து உணவெல்லாம் வரிசையாக வைத்து, வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளும் இடம். அங்கே அவருடைய சூப்பில் ஒரு ஸ்டேப்ளர் பின் கிடந்தது. அவர் எழுப்பிய கூச்சலில் மேனேஜரே ஓடிவந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கள் விருந்தாளியாக வாருங்கள் என்றார். அன்று சாயங்காலம் துவைப்பதற்காகச் சட்டைப் பையைத் துழாவிய மனைவியின் விரலில், அலுவலகத்து ஸ்டேப்ளர் பின் கட்டு ஒன்று தட்டுப்பட்டது. ஒரு முனையில் உடைந்திருந்தது. அவள் அதை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பையை யார் துழாவச் சொன்னது என்று ஆரம்பிக்கும்.

அந்த விருந்தைத்தான் இப்போது அவர் சம்பந்தி வீட்டாருக்குத் தன் விருந்தாகக் காட்டப் போகிறார்.

மகளுக்கு இதற்கு முன் வந்த வரன்கள் எல்லாம் அப்பாவின் வாயால் போனவை. ஒரு வீட்டில் தேநீர் ஆறியிருக்கிறது என்று மூன்று முறை சொன்னார். இன்னொரு வீட்டில் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, நகராட்சிக்கு எழுதிப்போடுவேன் என்று பையனின் அப்பாவையே மிரட்டினார். அவர்கள் கைப்பிடி போட்டார்களோ என்னவோ, பேச்சை முறித்துக்கொண்டார்கள். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அடுத்த கடை மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே கண்ணாடி தீட்டும் பையன் ஒருவன், தலைவலி மாத்திரை வாங்க வந்து வந்து, தலைவலியே இல்லாமல் மாத்திரை சேர்த்து வைத்திருந்தான். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மகள் அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தாள்.

"இதுவும் போச்சுன்னா, எனக்கு இனிமே யாரையும் பார்க்காதீங்கம்மா."

சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் அந்தத் தாய்க்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் நாளே மகள் அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். விருந்தில் எந்தக் குறையும் சொல்லக் கூடாது. அவர் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார். சாப்பிட மட்டும்தான் வாயைத் திறப்பேன், போதுமா என்று சிரித்தார்.

இப்போது பிரச்சினை, முழுக்கைச் சட்டையின் வலது கைப்பட்டியில் பொத்தான் இல்லை. சந்தன நிறச் சட்டை. சிதறிக் கிடந்ததில் அதற்குப் பொருத்தமான பொத்தான் இல்லை. அவரே ஒரு பழுப்புப் பொத்தானைப் பொறுக்கி நீட்டினார். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. மனைவி சிவப்பு நூலைக் கோத்தாள். சட்டையைக் கழற்றிக் கொடுங்கள் என்றாள். போட்டதைக் கழற்ற முடியாது, அப்படியே தை என்று கையை நீட்டினார். அவள் குனிந்து இரண்டு தையல் போட்டு முடிச்சுக்கு ஊசியைத் திருப்பும்போதே, "போதும் போதும், நேரமாச்சு" என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நூல் அறுந்தது. பொத்தான் நின்றது.

தரையில் கிடந்தவற்றை வந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்று மூவரும் கிளம்பினார்கள்.

ஹோட்டலில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை, மேசைக்கு ஒரு குட்டிக் கொடி. ஒரு மேசையில் பாஸ்தா கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு மேசையில் பச்சை மீனைச் சோற்றில் சுற்றிப் பூப்போல அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் முழுக் கோழிகள் கம்பியில் சுழன்றன. அதற்கப்பால் ரொட்டிகள், சீஸ் கட்டிகள், கடைசியில் சாக்லேட் ஊற்று ஒன்று நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

பையனும் அவன் தாயும் முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்கள். அந்தத் தாய் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கணவன் போன பிறகு அவனுடைய ஒரே வண்டியை வைத்துக்கொண்டு பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிள்ளையை ஆளாக்கியவள். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் வாழ்க்கை. அதனால் யாராவது தாறுமாறாகப் பேசினாலும் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அன்றைக்கு அந்தக் காலுக்கு நிறைய வேலை இருந்தது.

"வாங்க சம்பந்தியம்மா, நம்ம ஹோட்டல்தான். கூச்சப்படாம எடுத்துக்கணும்" என்று வரவேற்றார் புகார்க்காரர். சமையற்கட்டுக்கே சொந்தக்காரர் போல மேசைக்கு மேசை கூட்டிப்போய்க் காட்டினார். நல்ல இடமாக நாலு பேருக்கு விருந்து வைப்பது தனக்குப் பழக்கம் என்றார். அந்த அம்மாள், இவ்வளவு பெரிய இடமெல்லாம் எதற்கு, வீட்டிலேயே பேசியிருக்கலாமே என்று சங்கடப்பட்டாள். அவர் கையை வீசி அந்தச் சங்கடத்தைத் தள்ளினார். வீசிய கையை இறக்கும்போதெல்லாம், இடது கை விரல்கள் வலது கைப் பொத்தானைப் பிடித்துத் திருகும். குறை சொல்ல முடியாத நேரங்களில் அவருக்கு அப்படி ஒரு பழக்கம். மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உண்மையில் அவர் படாத பாடு பட்டார். சூப் கொஞ்சம் சூடு குறைவு; விழுங்கினார். ஃபோர்க்கில் ஒரு பல் வளைந்திருந்தது, அதையும் விழுங்கினார். பக்கத்து மேசைக் குழந்தை நாற்காலியை இழுத்து இழுத்துத் தேய்த்தது. கண்ணை மூடிப் பொத்தானைத் திருகினார். ஒரு நல்ல காரியத்துக்காக ஒரு மதிய நேரம் வாயைக் கட்டுவது இத்தனை பெரிய தியாகமாக ஒருவருக்கு இருந்தால், அவர் மேல் இரக்கப்படுவதா, சிரிப்பதா? எனக்கு இரண்டும் வரவில்லை.

மற்ற எல்லாம் நன்றாகவே நடந்தது. மகளும் பையனும் பாஸ்தா மேசைக்குப் போனவர்கள், ஆளுக்கொரு தட்டோடு திரும்பினார்கள். பார்த்தால் இவள் கையில் அவனுக்குப் பிடித்தது, அவன் கையில் இவளுக்குப் பிடித்தது. இரண்டு தாய்மார்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இடுக்கியால் எடுக்கத் தெரியாமல் ரொட்டி மேசை முன்னால் தயங்கி நின்ற பெண்ணின் அம்மாவைப் பார்த்துவிட்டு, அந்தப் பையனே ஓடிப்போனான். "உட்காருங்க அத்தை, நான் கொண்டு வர்றேன்" என்றான். அவள் வந்து உட்கார்ந்தாள். தட்டு அவள் முன்னால் வந்தது. யாரோ ஒருவர் தனக்குத் தட்டு கொண்டுவந்து வைப்பதை அவள் எப்போது கடைசியாகப் பார்த்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இனிப்புக்கு வந்தார்கள். புகார்க்காரர் கேரமல் புட்டிங்கைக் கிண்ணம் நிறைய வெட்டி எடுத்து வந்தார். நடுவயது சர்வர் ஒருவர் ஒவ்வொருவர் கிண்ணத்திலும் கூஜாவிலிருந்து பழுப்பு நிறப் பாகை ஊற்றிக்கொண்டே போனார். அந்த நேரம் பையனின் தாய், அடுத்த மாதமே நாள் பார்த்துவிடலாமா என்று கேட்டாள். மகள் தலை நிமிரவில்லை, காது மட்டும் சிவந்தது. புகார்க்காரர் பெருமிதத்தோடு பொத்தானைக் கடைசியாக ஒரு திருகு திருகி, ஸ்பூனைக் கிண்ணத்தில் விட்டார்.

ஸ்பூனில் பாகோடு சேர்ந்து ஏதோ வந்தது. நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் துப்பினார். பழுப்பாக, வட்டமாக, நான்கு துளையோடு ஒரு பொத்தான்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொக்கிஷம் கிடைத்தவன் முகம்கூட அப்படி ஒளிவிடாது. ஏனென்றால் அவர் வாழ்க்கையில் முதல் முறையாக, அவர் போடாமலேயே அவர் கிண்ணத்தில் ஒன்று கிடந்திருக்கிறது. இத்தனை நாள் பொய்யாக ஆடிய ஆட்டத்தை இன்று உண்மையாகவே ஆடலாம். சத்தியமாவது, மகளாவது, சம்பந்தியாவது! ஸ்பூனைத் தட்டில் ஓங்கித் தட்டினார். சுற்றியிருந்த மேசைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன.

"யோவ், இங்க வாய்யா. இது என்ன?"

சர்வர் கூஜாவோடு அப்படியே நின்றார். மகள், "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் கேட்கவில்லை. குழந்தைகள் சாப்பிடுகிற இடம், தொண்டையில் சிக்கினால் உயிரே போயிருக்கும், இந்த ஆளை இப்போதே வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று, குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, சாட்சிக்கு அழைக்க வேண்டிய இடத்தில் பக்கத்து மேசைக்காரர்களை அழைத்து, பிசகில்லாமல் நடத்தினார். மேனேஜர் ஓடி வந்தார். வந்தவர் புகார்க்காரரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், நீங்களா? மன்னிக்கணும் சார். போன தடவை சூப்ல பின் கிடந்ததுக்காகத்தான் இன்னைக்கு உங்க குடும்பத்தை எங்க விருந்தாளியா அழைச்சோம். இன்னைக்கும் இப்படின்னா..."

பையனின் தாய் தன் ஸ்பூனைக் கீழே வைத்தாள். நம்ம ஹோட்டல் என்று ஏன் சொன்னார் என்பது அவளுக்குப் புரிந்தது. பையன் மேசை விரிப்பைப் பார்த்தான். புகார்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் வாய் நிற்கவில்லை. பழைய கதை எதற்கு, இதற்குப் பதில் சொல் என்றார். மேனேஜர் தயங்கித் தயங்கி, பின் விவகாரத்துக்குப் பிறகு சர்வர்களின் கோட்டுகளில் பொத்தானையே எடுத்துவிட்டதாகச் சொன்னார். சர்வர் கோட்டைத் தொட்டுக் காட்டினார். வெறும் ஒட்டுப்பட்டி.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"போன தடவை சூப் ஊத்தினவர் இப்ப எங்கே?"

யாரும் எதிர்பார்க்காத கேள்வி. அவர் இப்போது பின்னால் பாத்திரம் கழுவுகிறார் என்றார் மேனேஜர். உணவைத் தொடும் வேலையில் அவரை வைக்க முடியவில்லை என்றார்.

அவள் அந்தச் சர்வரைப் பார்த்தாள். கூஜாவை இரண்டு கையாலும் பிடித்தபடி, அடுத்த பாத்திரக் குவியல் தனக்குத்தான் என்று தெரிந்த முகத்தோடு நின்றிருந்தார். பிறகு மகளைப் பார்த்தாள். மகளின் கண்கள் வேண்டாம் என்றன. வேண்டாம்மா, எப்போதும் போலச் சும்மா இரு, இன்னும் கொஞ்ச நேரம். ஒரு தாயின் நெஞ்சை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் அது எந்தப் பக்கம் கிழியும்?

"ஏங்க, உங்க வலது கையை மேசைமேல வையுங்க."

அவர் எரிச்சலோடு தூக்கிக் காட்டினார். கைப்பட்டி வாய் பிளந்து தொங்கியது.

"அது நம்ம வீட்டுப் பொத்தான். காலையில நான்தான் தைச்சேன். அதுல சிவப்பு நூல்கூட இருக்கு பாருங்க."

மேசையில் எல்லோருடைய பார்வையும் அந்தப் பொத்தானில் போய் நின்றது. பாகில் ஊறிய ஒரு துண்டுச் சிவப்பு நூல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பார்கள். சிரித்து மழுப்பியிருப்பார்கள். சர்வரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால், அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். புகார்க்காரர் பொத்தானைப் பார்த்தார், கைப்பட்டியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். குற்றவாளி கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் பரவியது.

"அப்ப தப்பு உன் மேல. ஒரு பொத்தானை ஒழுங்காத் தைக்கத் துப்பில்ல. எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா, எனக்கு வீட்ல நடக்கிற லட்சணத்தை?"

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். வார்த்தை சிதறாமல் சொன்னாள்.

"அந்தப் பின்னும் எங்க வீட்டுதுதான். பாத்திரம் கழுவுறவரை வெளியில கொண்டுவாங்க."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் மெல்லத் தலையசைத்தார். சர்வர் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். போகும்போது பெண்ணின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். புகார்க்காரர் கிண்ணத்தை மேனேஜர் பக்கம் நகர்த்தி, அது கிடக்கட்டும், இதை மாற்றிக் கொடுங்கள் என்றார். வேறு கிண்ணம் வந்தது. பெண்ணின் கல்யாணம் கண்ணெதிரே கவிழ்ந்து கிடக்க, அந்த மனிதர் புட்டிங்கை அடிக்கிண்ணம் தெரியச் சுரண்டிச் சாப்பிட்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வாடகைக் கார் ஓட்டுநரிடம் சீட் கிழிந்திருப்பதைச் சொல்லிக்கொண்டு வந்தார். மகள் சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்தப் போனவள், வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னும் அரை மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?"

பெற்ற மகளே கேட்ட கேள்வி, அம்மாவுக்கு ஊசியைவிட ஆழமாக இறங்கியது. கட்டிலுக்கு அடியில் பொத்தான்கள் காலையில் கிடந்தபடியே கிடந்தன. அவள் அவற்றின் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். பார்வை மங்கி மங்கித் தெரிந்தது. நான்கு துளைப் பொத்தானும் இரண்டு துளைப் பொத்தானும் கண்ணீருக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

வெயில் சாயும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. பையனின் தாய் தனியாக நின்றிருந்தாள்.

புகார்க்காரர் அதற்குள் தயாராக இருந்தார். அதே சட்டை, அதே தொங்கும் கைப்பட்டி. வாங்க சம்பந்தியம்மா, நடந்ததில் என் தரப்பு என்னவென்றால் என்று தொடங்கினார். அந்த அம்மாள் உங்களிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டிப்போய், பொத்தான் டப்பாவோடு கூடத்துக்கு வந்திருந்த பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் அறைக் கதவோரம் வந்து நின்றாள். எதற்கு வந்திருக்கிறாள் என்பது மூவருக்கும் தெரிந்த மாதிரிதான் இருந்தது. வேண்டாம் என்று நேரில் சொல்லிப் போகும் மரியாதை சிலருக்கு இருக்கிறது.

அவள் கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையில் சுருட்டிய ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கழுவித் துடைத்த பழுப்புப் பொத்தான்.

"மேசையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்கக்கா. அது விழுந்ததை நான் அப்பவே பார்த்தேன். வண்டி கத்துக்க வர்றவங்க கையைத்தானே நாள் முழுக்கப் பார்க்கிறேன். சொல்லலாமான்னு காலை அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்க வீட்ல யாராவது வாய் திறக்கிறாங்களான்னு பார்த்தேன்."

பெண்ணின் அம்மா பொத்தானை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பையனின் தாய் மகளைப் பக்கத்தில் அழைத்தாள். தன் பையனுக்கு எந்த மனக்குறையும் இல்லை, அவன் வண்டியிலேயே சொல்லிவிட்டான் என்றாள். ஆனால் தனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் என்றாள்.

"அம்மா பேசினப்ப நீ தலையைக் குனிஞ்சுக்கிட்ட. எதுக்குக் கண்ணு? அப்பாவை நெனச்சா, அம்மாவை நெனச்சா?"

நல்ல பதில்கள் எத்தனையோ இருந்தன. அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன் என்றிருந்தால் போதும், எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். மகள் விரல்களைப் பிசைந்தாள்.

"அம்மா மேலதான் கோபம் அத்தை. எல்லாம் கூடி வர்ற நேரத்துல கெடுத்துட்டாங்களேன்னு. வீட்டுக்கு வந்தும் அம்மாவைத்தான் கேட்டேன். அப்பாவை ஒரு வார்த்தை கேட்கல. கேட்டே பழக்கமில்ல."

சொல்லி முடிக்கும் முன்பே உடைந்து அழுதாள். அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பையனின் தாய் அவள் முதுகைத் தடவினாள்.

"இதை மறைக்காம சொன்னியே, அது போதும் எனக்கு. கேட்கிறது கத்துக்கலாம். கிளட்சே தெரியாம வர்றவங்களுக்கெல்லாம் நான் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

நாள் குறிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். எளிய சாப்பாடுதான், நானே சமைப்பேன், நீயும் அம்மாவும் வாருங்கள் என்றாள்.

இதுவரை தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் புகார்க்காரருக்கு உறைத்தது. "அப்ப நான்?" என்றார்.

அவள் எழுந்து நின்றுகொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வீட்டுச் சோத்துல உங்களுக்கு என்னென்ன கிடக்குமோ, யாருக்குத் தெரியும்ணே? நீங்க கல்யாணத்துக்கு வாங்க. அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க."

மகள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். தன்னைப் பார்த்து அந்த வீட்டில் ஒருவர் சிரிப்பதை அவர் அன்றுதான் கேட்டார். உடனே விசாரணையைத் தொடங்கினார். யார் சிரித்தது, எதற்குச் சிரித்தது என்றார். எனக்கு முடிச்சுப் போடாமல் தைத்துவிட்டவள் இவள் என்று மனைவியைக் காட்டினார்.

"முடிச்சுப் போடறதுக்குள்ள கையை இழுத்தது யாருப்பா?" என்றாள் மகள்.

குரல் தழுதழுத்துத்தான் வந்தது. ஆனால் வந்தது. பையனின் தாயின் கால் தரையை அழுத்தவில்லை.

அவள் விடைபெற்றுக்கொண்டு படியிறங்கினாள். புகார்க்காரர் விடவில்லை. இது என்ன நியாயம், என் பக்கத்தை யாரும் கேட்கவே இல்லையே என்று வெறுங்காலோடு பின்னாலேயே வாசலைத் தாண்டிப் போனார். அவள் திரும்பிப் பார்க்காமல் கீழே போய் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கைப்பிடி ஆடியது. இதைக் கவனிக்க வேண்டியவன் யார் என்று காலியான படிக்கட்டைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். கைப்பட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே அம்மா டப்பாவில் பழுப்புப் பொத்தானையும் போட்டு, மூடியை இறுக்கி மூடினாள். கொசு வருகிறது என்று சொல்லிக்கொண்டே மகள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.